காத்திருப்பு தேங்கிய கட்டடம்

தில்லை நகரில் கட்டிக்கொண்டிருந்த டயாலிசிஸ் மையத்தில், அந்தக் கோடையில், ஆட்கள் வேலையில்லாமல் காத்து நின்ற இடங்களிலெல்லாம் தண்ணீர் தேங்கியது. மழை இல்லை, குழாயும் உடையவில்லை. காவிரியிலேயே மணல்தான் தெரிந்தது. டைல்ஸ் வருமென்று கொத்தனார்கள் உட்கார்ந்திருந்த மாடியில் கணுக்கால் அளவு. வயரிங் வரைபடத்துக்காக எலெக்ட்ரீஷியன்கள் நின்ற கூடத்தில் முழங்கால் அளவு. மோட்டார் வைத்து இறைத்தும் மட்டம் குறையவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள், நல்ல தண்ணீர், குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கட்டுமானத் திட்டத்தின் மேலாளர் லூர்துராணி, ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவள். திறப்புத் தேதியை அவள் இரண்டு தடவை தள்ளிவைத்திருந்தாள். உப்பிலியபுரத்து விவசாயி மருதையை அவர் மனைவி ஜோதி இங்கே எங்கும் இடம் கிடைக்காமல் டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூர் வரை பஸ்ஸில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். போகிற வழியில் ஒருநாள் இறங்கி, கேட்டருகே நின்று லூர்துராணியிடம் கேட்டாள்: “எப்பங்க தொறப்பீங்க? இவரால அவ்வளவு தூரம் உக்கார முடியலைங்க.”

மறுநாள் வரைபடம் வந்தது. எலெக்ட்ரீஷியன்கள் எழுந்து வேலையைத் தொட்டதும் கூடத்துத் தண்ணீர் கண்ணெதிரே வடிந்தது. அதைப் பார்த்த லூர்துராணி, அன்றிலிருந்து சுடிதாரை மடித்துக்கொண்டு காலையில் கட்டடம் முழுக்க நடந்தாள். ஆழமான இடத்தில் நின்று, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லா மாடியிலும் வேலை தொடங்கியிருந்தது, எதுவும் முடிந்திருக்கவில்லை. “கீழ் ஹாலை முழுசா முடிப்போம் பாய், அப்புறம் மாடிக்குப் போவோம்” என்றாள் மேற்பார்வையாளர் நஸ்ருல்லாவிடம். அன்றன்றைக்கு வேண்டிய சாமான் மட்டும் அன்றன்றைக்கு வந்தது. வழியை அடைத்துக் கிடந்த குவியல்கள் போயின. தண்ணீரும் இறங்கியது, அவளுடைய அறை வாசலில் தவிர. அங்கே இடுப்பளவு நின்றது.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,” என்றார் நஸ்ருல்லா. “சின்ன ஆணிக்குக்கூட உங்க கையெழுத்துக்காக எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க.”

அவளுக்கு முகம் சுருங்கியது. கையெழுத்துக்காகக் கிடந்த தாள்களை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

“இனிமே இதுக்கெல்லாம் என்கிட்ட வராதீங்க பாய். நீங்களே முடிவு பண்ணுங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன்.”

மதியத்துக்குள் வாசற்படி தெரிந்தது.

பிறகு ஒருநாள் டயாலிசிஸ் இயந்திரங்களுக்குச் சுத்திகரித்த நீர் போகும் குழாயில் ஓர் இணைப்பு கசிந்தது. லூர்துராணி வேலை முழுவதையும் நிறுத்தச் சொன்னாள். மறுபடி தண்ணீர் ஏறுமென்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் பிளம்பர், கொத்தனார், நஸ்ருல்லா, அவள், எல்லோரும் அந்த ஒரு இணைப்பின் மேலேயே குனிந்திருந்ததால் தரை காய்ந்தே கிடந்தது. கோளாறு எங்கே என்று கண்டு சரிசெய்த பிறகே மற்ற வேலை தொடர்ந்தது.

ஆவணியில் கீழ் ஹால் திறந்தது. முதல் கட்டிலில் மருதை படுத்தார். ஜோதி லூர்துராணியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்லா இருக்கணும்மா நீங்க.” லூர்துராணி அவளை அப்படியே அழைத்துப்போய் நஸ்ருல்லா முன்னால், பிளம்பர் முன்னால், ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தினாள். நஸ்ருல்லா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். பொங்கலுக்குள் மாடியும் முடிந்தது.

உறவினர்கள் உட்காரும் தாழ்வாரத்தில் மட்டும் கணுக்கால் அளவுத் தண்ணீர் தங்கிவிட்டது. ரத்தம் சுத்தமாகும் வரை அவர்கள் காத்திருக்கத்தானே வேண்டும். இதை என்ன செய்வதென்று லூர்துராணி யோசித்து நின்றபோது, ஜோதி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“இருக்கட்டும் விடுங்கம்மா, காலுக்கு இதமா இருக்கு.”

லூர்துராணி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இப்போது சித்திரை வெயிலில் பக்கத்துக் கிளினிக்குகளிலிருந்துகூட ஆட்கள் வந்து கால் நனைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.