கதவுக்கு முன்னால் வரிசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஒரு கண்காட்சியில் யாரோ ஒரு முன்னாள் படைவீரர் கொண்டுவந்து நிறுத்தியிருந்த பழைய கதவைப் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த எரிச்சலைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். நானே சுமந்தால் அசிங்கம். ஆகவே, வாசகரே, ஓவியர் ஒருவரை நியமித்திருக்கிறேன்.

முதல் வரி: போர் முடிந்த பின்னும் சிலருக்குள் போர் முடிவதே…

[அடித்துவிட்டேன். இது அமைச்சர் பேச வேண்டிய வரி.]

2

ஓவியர் பெரிய ஆள். கேட்டால் அவரே சொல்வார். படையிலிருந்து திரும்பியவர்களின் மனநலம், தற்கொலை பற்றி ஊரை விழிக்கவைக்கக் கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஓவியர் ஒரு சுவர் முழுக்க ஆறு படங்கள் மாட்டினார். தலைப்பு: 'குருதியின் இலக்கணம், ஒன்று முதல் ஆறு வரை'. தலைக்கவசம், உடைந்த நிலா, அழும் புறா.* ஆறிலும் சிவப்பைக் குடம் குடமாகக் கொட்டியிருந்தார்.

(* புறாவை எடுத்துவிடலாமே என்றேன். ஓவியர் சம்மதிக்கவில்லை.)

அவருடைய தங்கையின் கணவர் முன்னாள் படைவீரர். 'நீயும் ஏதாவது வை' என்று அவரை அழைத்ததே ஓவியர்தான், பெருந்தன்மை. மாப்பிள்ளை தன் வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மாப்ள, வீட்டைக் காலி பண்றியா?"

"இல்ல மச்சான், இதான் நம்ம ஐட்டம்."

வெளுத்துப்போன நீலக் கதவு. உட்பக்கத்தில் தாழ்ப்பாள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், புது நீலமாக, திருகாணி ஓட்டைகளோடு. பக்கத்தில் ஓர் அட்டை: 'நான் உள்ளே தாழிட்டுக்கொள்ளக் கூடாதென்று என் மனைவி கழற்றியது. இன்னும் இருக்கிறேன்.'

3

வரிசை நின்றது. கதவுக்கு. அதன் வால் நீண்டு நீண்டு ஓவியரின் சுவரைத் தாண்டியது. ஜனங்கள் குருதியின் இலக்கணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

ஒரு பெண்மணி ஓட்டையில் விரலை வைத்தபடி, "எங்க வீட்லயும் கழட்டிட்டேன் தம்பி. பையன் பேசவே மாட்டேங்குறான்" என்றாள்.

"நானும் ரொம்ப நாள் பேசலம்மா. அவரை வரச் சொல்லுங்க. நான் போற டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்" என்றார் கதவருகே நின்ற மாப்பிள்ளை.

ஓவியர் தங்கையை ஓரமாக இழுத்துப் பொரிந்து தள்ளினார். "கதவைச் செஞ்சது தச்சன். தாழ்ப்பாளைக் கழட்டினது நீ. இதுல உன் புருஷன் என்ன செஞ்சாரு?"

"உயிரோட இருக்காரு அண்ணா. அதுவே அவருக்கு முழுநேர வேலை."

தனக்கு இப்படி ஒரு துக்கம் வாய்க்கவில்லையே என்று ஓவியருக்குத் துக்கமாக இருந்தது.

[இந்த வரி என்னுடையது. அவர் தலையில் கட்டிவிட்டேன்.]

4

கடைசி நாள் காலை, மாப்பிள்ளை டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம், ஓவியர் கலைக்கூடத்துத் தச்சரைக் கூப்பிட்டார்.

"படைப்பு பாதியில நிக்குது. பளபளன்னு ஒரு தாழ்ப்பாள் போடுங்க. அழகியல் நிறைவு வேணும்."

"கலைஞர் சொன்னாரா சார்?"

"நான்தான்யா கலைஞர்."

பலன் உடனே தெரிந்தது. தாழ்ப்பாள் வந்ததும் அது வெறும் கதவாகிவிட்டது. வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்கள். ஒருவர் அவசரமாக வந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று தட்டினார். வரிசை கலைந்தது. ஓவியருக்கு வயிறு குளிர்ந்தது.

[இந்த இடத்தில் அவர் மனம் திருந்தும் பத்தி ஒன்று இருந்தது. எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

5

மாலையில் கதவைச் சாக்கில் சுற்றி, டாக்டரிடமிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்ட மாப்பிள்ளைக்கு அனுப்பினார்கள். தச்சரின் ஆட்களே மாட்டியும் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கதவைப் படம்பிடிக்க வந்த டிவி நிருபர், கதவு போய்விட்டதால், வேறு வழியில்லாமல் ஓவியர் பக்கம் திரும்பினார். விளக்கைப் போட்டார்கள். ஓவியர் தலைமுடியைக் கோதிக்கொண்டார். போன் அடித்தது.

"மச்சான், கதவுல தாழ்ப்பாள் இருக்கு."

"கழட்டிப் போடு மாப்ள."

"ஸ்க்ரூடிரைவர் எல்லாத்தையும் அவ எங்கயோ பூட்டி வச்சிருக்கா. வேலைக்குப் போனவ போனை எடுக்கல. இன்னைக்கு எனக்கு நாள் சரியில்ல மச்சான். நீங்க வர்றீங்களா? அதுவரைக்கும் உள்ள போகாம வாசப்படியிலயே உக்காந்திருக்கேன்."

"சார், ரெடி" என்றார் நிருபர். "விழிப்புணர்வுன்னா என்னன்னு ரெண்டு வரி சொல்லுங்க."

6

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) ஓவியர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறார். நல்ல முடிவு. ஆனால் இவ்வளவு தூரம் நான் கூடவே வந்து பார்த்த ஆள் ஓடுவாரா என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

(ஆ) 'அரை மணியில வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் பேட்டி கொடுக்கிறார். பிறகு போகிறார். போய்ப் பார்த்தால்…

மாட்டேன். அந்த வாக்கியத்தை எழுத மாட்டேன். ஒரு சாவைக் கொண்டுவந்து போட்டுத்தான் கதையைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால், அந்தச் சுவரில் ஏழாவது படமாக என்னை மாட்டிவிடலாம்.

ஓவியர் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார். எதிரே கேமரா, ஆயுசில் முதல்முறையாக அவரை மட்டும் பார்க்கிறது. வாயைத் திறக்கிறார். கேமராவிடம் பேசப்போகிறாரா, போனிலா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். நிதானமாக யோசித்துச் சொல்கிற விஷயமில்லை. வாசப்படியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.