நிறுவைக்குப் பிறகு வரும் வண்டி

பிரதாப்பை நம்பாமல் வேறு யாரை நம்புவாள் சுதர்ஷினி? தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். சுதர்ஷினியின் அம்மா ராசம்மா தன் மகளுக்கு ரொட்டி சுட்டால் அவனுக்கும் சேர்த்துத்தான் சுடுவாள். படித்து முடித்து, ஹட்டனில் ஒரு கடை மாடியில் இருவரும் கணினி நிறுவனம் தொடங்கியபோது ராசம்மாதான் வந்து சாமி படம் மாட்டினாள்.

புதிதாக எதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. இருப்பதைக் கோத்தார்கள். ஆட்டோ பிடிக்க இணையத்தில் ஒரு சேவை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல இன்னொன்று, ஆள் இருக்கும் இடத்தைக் காட்ட மற்றொன்று. மூன்றையும் இணைத்தாள் சுதர்ஷினி. தேயிலை மலையில் யாரையாவது குளவி கொட்டினால் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மிச்சத்தை அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

இணைப்பதோடு விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. இது அதன் பதிலுக்காகக் காத்திருந்து, அது இதற்காகக் காத்திருந்து, கடைசியில் கொட்டு வாங்கியவள் மலையிலேயே கிடந்தால்? அதனால் ஒவ்வொரு சேவையும் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்காக எழுதி, அவை போகக்கூடிய வழிகள் அத்தனையிலும் ஒரு மென்பொருளைப் போய்ப் பார்க்க வைத்தாள். 'அழைத்தவருக்கு வண்டி வந்தே தீரும்' என்று அது நிரூபித்துக் கொடுத்தது. அன்றைக்கே லயத்துக்கு ஓடிப்போய், "வண்டி வராமப் போகவே போகாதும்மா" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

தோட்டக் கம்பெனிக்கு இதை விற்கப் பேசி முடித்தவன் பிரதாப். "திரையில கொஞ்சம் கலர் மாத்தச் சொல்றாங்க, வேற ஒண்ணுமில்ல. ஒன் நிரூபணம் அப்படியே இருக்கு" என்றான். அவளும் தலையாட்டினாள்.

ஒரு புதன்கிழமை முற்பகலில் ராசம்மாவைக் குளவிக் கூட்டம் மொய்த்தது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலாயி பொத்தானை அழுத்தினாள். விஷயம் தெரிந்து சுதர்ஷினி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. இடது கண்ணிலேயே கொட்டு. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

"வண்டி வரலையா சித்தி?"

வேலாயி போனை நீட்டினாள். 'தோட்ட அலுவலக அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்றது திரை.

"காத்துக் காத்துப் பாத்துட்டு, ஆம்பளைங்க கம்பளியில போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க பாப்பா."

அப்படியொரு அனுமதியைச் சுதர்ஷினி எழுதவே இல்லை. வராந்தாவுக்கு வந்து பிரதாப்பைப் போனில் கூப்பிட்டாள்.

"நாலாவதா என்னத்தடா கொண்டுவந்து சேத்த?"

"அனுமதி இல்லாம வாங்க மாட்டேன்னுட்டாங்க கம்பெனியில, சுதா. பாதி வேலையில மலைய விட்டு எறங்கிட்டா முழுப்பேரா அரைப்பேரான்னு ஆபீஸ்ல முடிவு பண்ணணும்ல? அது நிறுவை முடிஞ்சாத்தானே தெரியும்."

எடுத்த கொழுந்தை நிறுத்துப் பார்த்த பிறகுதான் முழுநாள் சம்பளமா பாதியா என்று தோட்டத்தில் பேர் போடுவார்கள். கடைசி நிறுவை அந்தி சாயும் நேரத்தில். கொழும்பில் குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. கூடை சுமந்தவள் வயிற்றில் பிறந்தவன்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவியா? நான் ஒன் நிரூபணத்த ஒடைக்கல சுதா. வேணும்னா ஓட்டிப் பாரு. இப்பவும் சரின்னுதான் சொல்லும்."

பையில் மடிக்கணினி இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நாலாவது சேவையையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். 'சரி' என்றது அது. நிறுவை தினமும் முடியும், அனுமதி வரும், வண்டியும் வரும். எப்போதுக்குள் வர வேண்டும் என்று அவள் கேட்டிருக்கவில்லை. அந்த ஓட்டையைப் பார்த்தவன் அவளிடம் சொல்லவில்லை, அதன் வழியாகவே உள்ளே நுழைந்திருக்கிறான். அவள் பெயர் போட்ட நிரூபணத்தையே காட்டி விற்றிருக்கிறான். கூடப் பிறக்காத குறை என்று நினைத்திருந்தவன், சத்தமில்லாமல் கழுத்தை அறுத்துவிட்டான். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போனாள். காலடிச் சத்தத்திலேயே ராசம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"சுதாவா? வேலாயிய ஏசாத தாயி. கொழுந்து லொறி அப்பவே கீழ எறங்குச்சு. ஏறு ஏறுன்னு எல்லாரும் கெஞ்சுனாங்க. நாந்தான் ஏறல. வண்டி வரும்னு எம்மக சொல்லியிருக்கா, பிரதாப்பும் சேந்து செஞ்சது, பொய்யாப் போகுமான்னு அங்கனயே ஒக்காந்துட்டேன்."

சுதர்ஷினி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வேலாயியின் மடியில் இருந்த போன் மணியடித்தது. அவள் யோசிக்காமல் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள்: "அனுமதி கிடைத்தது. வாகனம் புறப்பட்டது."

ராசம்மாவின் வீங்கிய உதடுகள் சிரிக்கப் பார்த்தன.

"நாந்தான் சொன்னேன்ல வேலாயி. எம்புள்ளைங்க ரெண்டும் சேந்து செஞ்சது, வராமப் போகுமா?"