மெழுகுக் குழலில் ஒரு ஜெபம்

தகரப் பெட்டியை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு சாரம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். திருச்செந்தூர் ஆவணித் திருவிழாக் கூட்டம் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு போனது.

"ஏட்டி லில்லி, அந்தச் சுவிசேஷ நோட்டீசைக் கையில எடு. நம்ம சபைக்காரங்க யாரும் பாத்தா, பிரசங்கத்துக்கு வந்தோம்னு இருக்கட்டும்."

"பாளையங்கோட்டைலேர்ந்து இங்கன வந்து பொய்யா சொல்லுதோம், அத்தை?"

"நாலு பேருக்குக் குடுத்துட்டா பொய் உண்மையாயிரும், வா."

பெட்டிக்குள் இருந்தது சாரம்மாளின் மகன் குரல்!

மகன் நேசையா குருப்பட்டம் வாங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறி நான்கு வருஷம். அங்கே கரும்புத் தோட்டத்துத் தமிழர்களுக்கு அவன்தான் பாதிரி ஐயர். மாதம் தவறாமல் கடிதம் போடுவான். சிக்கலே அதில்தான். கடல் கடந்த ஐயரின் கடிதம் வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதைச் சபைக்கே சத்தமாக வாசித்துவிடுவார். நேசையாவுக்கு அங்கே வயிறு வலித்தால் இங்கே ஊரே கஷாயம் சொல்லும்.

இந்த லட்சணத்தில், "மாமன் மகள் லில்லியைக் கட்டுகிறாயா, இல்லையா?" என்று தாய் கேட்டால் பையன் என்ன எழுதுவான்? எழுதவில்லை. ஒரு துரையின் பேசும் பெட்டியில் பேசி, குரல் பதிந்த மெழுகுக் குழலைத் தபாலில் அனுப்பிவிட்டான். 'பதில் இதில் இருக்கிறது' என்று மட்டும் கூடவே ஒரு துண்டுக் காகிதம்.

லில்லியின் அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. வள்ளியூர் வாத்தியார் ஒருவர் பெண் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தெரியாவிட்டால், சபைக் கோவிலில் வள்ளியூர் மாப்பிள்ளை பேரில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடுவார்கள். வாத்தியார் நல்ல மனிதர்தான். நேசையா அத்தான் இல்லை, அது ஒன்றுதான் லில்லி கண்ட குறை.

பாளையங்கோட்டையில் அகப்பட்ட பேசும் பெட்டியோ வட்டத்தட்டுப் பாடும் ரகம். குழல் பாடும் பெட்டி, திருவிழாதோறும் கடை விரிக்கும் சுடலைக்கண்ணுவிடம்தான் இருந்தது. சாரம்மாள் அவனிடம் கல்யாணக் கதையெல்லாம் சொல்லிக் குழலை நீட்டினாள்.

"குழலை வெயில்ல கொண்டாந்திருக்கியளேம்மா! மெழுகு இளகிக் கெடக்கு" என்று அலுத்துக்கொண்டே சுடலைக்கண்ணு அதைப் பெட்டியில் மாட்டினான். இரண்டு காதுக்குழாய்களை நீட்டினான். அத்தை ஒன்று, மருமகள் ஒன்று. சாவி முறுக்கினான்.

கரகரப்பு. ஒரு இருமல். பிறகு, ஐயோ, நேசையாவேதான்!

"அம்மாவுக்கும் லில்லிக்கும் ஸ்தோத்திரம். முதலாவது நாம் ஜெபம் பண்ணுவோம்."

அவ்வளவுதான். பழக்கம் யாரை விட்டது? இரண்டு பெண்களும் காதுக்குழாயைக் கழற்றினார்கள். முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டார்கள். கண்ணை மூடிக் கைகூப்பினார்கள்.

பெட்டி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் கண்ணைத் திறந்தது லில்லி. "அத்தை! குழாய்!"

இருவரும் அலறியடித்துக் காதில் செருகினால், வெறும் கரகரப்பு.

சுடலைக்கண்ணு தலையில் கைவைத்தான். "கேக்கதுக்கு வந்துட்டுக் காதைக் கழத்துனா எப்படிம்மா? இந்த மெழுகு இன்னும் ஒரு ஓட்டந்தான் தாங்கும். அப்புறம் உங்க ஐயரு தவளை மாதிரிதான் கத்துவாரு."

இந்தத் தடவை முக்காடு முதலில், குழாய் பிறகு. சேலைக்குள்ளிருந்து ரப்பர்க் குழாய் தொங்க இரண்டு பேர் கண்ணை மூடி நிற்பதைப் பார்க்கக் காவடிக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"ஆண்டவரே, நீர் எல்லாம் அறிவீர். ஆனாலும் சொல்லுகிறேன். இந்த வீடு ஒழுகுகிறது. என் சமையலை நாயும் தொடுவதில்லை. லில்லி கடல் தாண்டி இங்கே வருவாளானால் நான் பாக்கியவான். ஆனால் மாமாவுக்காகவோ அம்மாவுக்காகவோ அவள் வரவேண்டாம். அவளே மனதாரச் சொல்லட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே..."

கரகரப்பு.

"ஆமென் எங்கட்டி?" சாரம்மாள் பதறிப்போனாள். "பட்டம் வாங்குன ஐயரு ஆமென் சொல்லாம முடிச்சிட்டானே! எடம் பத்தலியோ?"

சுடலைக்கண்ணு குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். "எடம் கெடக்கும்மா. கடைசில விரலகலத்துக்கு மெழுகு வழுவழுன்னு இருக்கு. வேணும்னுதான் விட்டுவச்சிருக்காரு."

லில்லியின் முகம் சிவந்தது. சபையில் ஐயர் ஜெபித்து நிறுத்தினால், ஆமென் சொல்ல வேண்டியது கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணாச்சி, இதுல நாம பேசினா ஏறுமா?"

"ஊசிய மாத்துனா ஏறும். ஒரு வார்த்தைக்குத்தான் எடம்." குழலைத் திரும்ப ஏற்றி, ஊசியை மாற்றி, பேசுவதற்கு ஒரு புனலையும் மாட்டினான்.

"அப்ப அவனை எண்ணெ தேச்சுக் குளிக்கச் சொல்லுதேன்" என்று சாரம்மாள் புனலை நோக்கிக் குனிந்தாள்.

"அத்தை, கொஞ்சம் தள்ளுங்க."

லில்லி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். புனலுக்குள் முகத்தைக் கொடுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினாள்:

"ஆமென்!"

கூட்டத்தில் ஒரு காவடிக்காரர், "பொண்ணு என்னவே சொல்லுது?" என்றார்.

"கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லுது" என்றான் சுடலைக்கண்ணு.

சாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகனுக்கே திரும்பத் தபாலில் அனுப்ப, குழலைப் பெட்டியில் பைய வைத்து மூடினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாய் நோட்டீசுக் கட்டைச் சுடலைக்கண்ணு கையில் திணித்தாள்.

"இந்தாப்பா, நாலு பேருக்குக் குடு. எதுக்குப் போனியன்னு உபதேசியார் கேட்டா, சொல்லதுக்கு ஒண்ணு வேணும்லா!"