முயலின் சம்மதம்

நாய் டாக்டரம்மாவுக்குத் தன் புருஷன் மேல் சந்தேகம் வந்தது ஒட்டுப்புல்லால்தான். துவைக்கப்போட்ட பேன்ட்டின் கீழ்மடிப்பு முழுக்க ஒட்டுப்புல். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டே கேட்டாள்.

"நேத்து எங்க வேலை?"

"மண்டபத்துல. ரிசப்ஷன்."

"மண்டபத்துக்குள்ள புல்லு முளைச்சிருக்கா?"

அவர் சிரித்து மழுப்பினார். கல்யாண வீடியோ எடுப்பது அவர் தொழில். கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே கீழே அவள் கிளினிக், மாடியில் வீடு, வீட்டின் முன்னறையில் அவருடைய ஸ்டுடியோ. அவளிடம் மாடும் ஆடும் பூனையும் கிளியும்கூட வரும். ஆனாலும் ஊர் வைத்த பேர் நாய் டாக்டரம்மா.

ஒட்டுப்புல்லோடு விஷயம் முடிந்திருந்தால் விட்டிருப்பாள். அதன் பிறகு அவள் ஸ்டுடியோவுக்குள் போனாலே அவர் கம்ப்யூட்டர் திரையை மாற்ற ஆரம்பித்தார். காபி கொண்டுபோனால் வாசலிலேயே எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். பத்து வருஷமாக உட்கார்ந்த இடத்துக்குக் காபி வந்து பழகிய மனுஷன் எழுந்து வந்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் மூக்கு வியர்க்கத்தான் செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். புருஷனின் தாய்மாமா. மரக்கடை வைத்திருக்கிறார். மாமி போய்ச் சேர்ந்த பிறகு கடைக்குப் பின்னாலேயே தனியாக இருக்கிறார். ஊர் வேட்டைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வாராவாரம் நாய்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் உள்ள மேட்டுக்காட்டுக்குக் காட்டுமுயல் துரத்தப் போவார்கள். நாய்களுக்கு அடிபட்டால் தைப்பதும் ஊசி போடுவதும் இவள். அதனால் வேட்டையைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. உறவும் கெடக்கூடாது.

இப்போது நகராட்சியில் வேட்டைக்குத் தடை போடலாமா என்று கூட்டம் கூடப்போகிறது. அதற்காகத்தான் மாமா வந்திருந்தார்.

"மருமகளே, நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முயலுக்கு அது விளையாட்டுதான், துன்பம் கிடையாதுன்னு. நீ டாக்டர். நீ சொன்னா எடுபடும்."

"அது எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"பிடிக்கலைன்னா வேற காட்டுக்குப் போயிருக்கும்ல? ஏன் அதே மேட்டுலயே கிடக்குது?"

"அதோட வீடு அங்க இருக்கு."

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. போனை எடுத்து நீட்டினார். "பேசி என்ன ஆகப்போகுது. பாரு."

படத்தில் ஒரு முயல் ஓடியது. பின்னால் ஒரு வேட்டைநாய். கொஞ்ச தூரம் ஓடிய முயல் நின்றது. பின்னங்காலில் எழுந்து திரும்பிப் பார்த்தது. நாய் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, அது கிட்டே வந்ததும் ஒரு துள்ளு துள்ளி மறுபடி ஓடியது. வேலிக்குள் நுழைந்தது. தப்பித்தது என்று நினைக்கும்போது தானாகவே வெளியே வந்து நாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"பாத்தியா? பயந்தவன் திரும்பி வருவானா? சின்னப்புள்ளைங்க ஓடிப்பிடிச்சு விளையாடுறப்ப கத்தலையா? அதுக்காக அழுதுங்கன்னு அர்த்தமா?"

உயிருக்கு ஓடுகிற முயல் காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடும். இந்த முயலின் காதுகள் இரண்டும் ஜோராக நிமிர்ந்து நின்றன. பயமே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"எனக்கு அனுப்புங்க மாமா. நிதானமா பாக்கிறேன்."

"எதுக்கு அனுப்பணும்? இப்பத்தான் பாத்துட்டியே." போன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. போகும்போது மாமாவின் கண் மருமகன் பக்கம் ஒரு நொடி போய்த் திரும்பியதையும் அவள் பார்த்தாள்.

மாமா படியிறங்கியதும் அவள் ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டாள்.

"நீங்க எடுத்ததுதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். மாமா படம் எடுத்தா அதுல பாதி அவர் கட்டைவிரல்தான் இருக்கும். இது ஆடாம அசையாம முயல் கூடவே ஓடுது."

அவர் மென்று விழுங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். மாமா கூப்பிட்டார், போனேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"வெட்டி ஒட்டினீங்களா?"

"சத்தியமா இல்லைம்மா."

"எடுத்தது எடுத்தபடி காட்டுங்க."

காட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டு முழுசையும் பார்த்தாள். எங்கேயும் வெட்டில்லை. முயல் உண்மையாகவே நின்றது, உண்மையாகவே திரும்பி வந்தது. பொய் அகப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது சந்தேகம் இரண்டு மடங்கானது. மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை முயலை விட்டுவிட்டு நாயைப் பார்த்தாள். ஓடும்போது அது வலது பின்னங்காலை அடிக்கடி தூக்கித் தூக்கி வைத்தது.

"நிறுத்துங்க. இது பொக்கைதானே?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மாமாவின் நாய்களிலேயே மூத்தது பொக்கை. போன மழைக்காலத்தில் ஈறு அழுகி, கடைவாயில் ரெண்டொன்று தவிர மற்றப் பற்களை இவளே பிடுங்கினாள். கஞ்சிதான் குடிக்கிறது. மூட்டுவலிக்கு மாத்திரை கொடுப்பதும் இவள்தான்.

"எலியைக்கூடக் கடிக்க முடியாத நாயை விட்டுத் துரத்தவெச்சு, முயலுக்குச் சந்தோஷம்னு என் காதுல பூச்சுத்தப் பாத்தீங்களா?"

"நாய் ஓடுது, முயல் ஓடுது. இதுல என்ன பொய் இருக்கு?"

"மத்த நாய்ங்க எங்கன்னு மாமாவைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேக்கலையா? கேட்டா பதில் வந்துடுமேன்னு விட்டுட்டீங்களா?"

அவர் படத்தைப் பின்னால் ஓட்டி, முயல் துள்ளுகிற இடத்தில் நிறுத்தினார். "எத்தனை வருஷமா மாலை மாத்துறதையே எடுக்கிறேன். ஒரு முயல் துள்ளுறதை எடுத்தப்ப நல்லா இருந்துச்சு," என்றார். அது உண்மை என்று குரலில் தெரிந்தது. இருந்தாலும் அவள் முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரக்கடைக்குப் போனாள். சொல்லாமல் போனாள். அறுவை இயந்திரம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. மரத்தூள் பறந்தது. ஐயா பின்னால் இருக்கிறார் என்று கடை ஆள் கையைக் காட்டினான். பலகை அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போனவள் அப்படியே நின்றாள்.

கம்பிவலை அடித்த ஒரு முற்றம். நடுவில் பொக்கை நீட்டிப் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு காட்டுமுயல். பக்கத்தில் மாமா குந்தி உட்கார்ந்து இலையைக் கிள்ளிக் கிள்ளி நீட்டிக்கொண்டிருந்தார். "என் ராசால்ல, என் செல்லம்ல, இன்னும் ஒரு வாய்," என்று கொஞ்சல் வேறு. அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

அவளைப் பார்த்ததும் அகப்பட்ட திருடன் மாதிரி எழுந்தார்.

போன வருஷம் வேட்டையில் தாய்முயல் மாட்டிக்கொண்டது. புல்லுக்குள் குட்டி ஒன்று, கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணைத் திறந்துகொண்டு ஓடாமல் உட்கார்ந்திருந்தது. மாமா யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தார். மிச்சத்தைப் பொக்கை பார்த்துக்கொண்டது. நக்கிக் கொடுத்தது, கூடப் படுக்கவைத்தது. படம் எடுத்த அன்றைக்கு மருமகன் வருவதற்கு முன்பே மாமா இரண்டையும் மேட்டுக்காட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேன்னு நினைக்காத. நீயே பாரு."

அவர் வாயால் ஒரு சத்தம் கொடுத்தார். முயல் எழுந்து பொக்கையின் தாடையை மூக்கால் இடித்தது. நாய் சோம்பலாகத் தலையைத் தூக்கியது. மறுபடி ஒரு இடி. பொக்கை முனகிக்கொண்டே எழுந்து துரத்த, முயல் ஓடியது, நின்றது, பார்த்தது, வட்டமடித்தது. வீடியோவில் பார்த்த அதே துள்ளல். நாய் மூச்சுவாங்கி நின்றால் முயலே வந்து கிளப்பிவிட்டது.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப என்ன சொல்ற?"

பொய்யைப் பிடிக்க வந்தவளுக்கு உண்மைதான் அகப்பட்டது. இந்த முயலைப் பொறுத்தவரை மாமா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் நெஞ்சில் ஏதோ குறுகுறுத்தது.

"உங்க வேட்டைநாய் ரெண்டைக் கொண்டுவரச் சொல்லுங்க மாமா. சங்கிலியோட. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாப் போதும்."

"தாராளமா. அதுக்கு நாய்னாலே சிநேகிதம்தான்."

கேட் தாழ்ப்பாளைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடை ஆள் இரண்டு இளநாய்களைக் கொண்டுவந்தான். அவை குரைக்கவில்லை. மூக்கை வலைக்குள் நீட்டி, உடம்பு நடுங்க, மெல்லிசாக ஊளையிட்டன.

முயல் கல்லாகிவிட்டது. காது இரண்டும் முதுகோடு படிந்தன. அடுத்த நொடி ஓடியது. அதில் துள்ளலும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. நேராக வலையில் போய் மோதியது. எழுந்து எதிர்ப்பக்க வலையில் மோதியது. அப்போது அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பச்சைக்குழந்தையின் வீறலைப் போல. பிறகு பாய்ந்துபோய்ப் பொக்கையின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. பொக்கை தள்ளாடி எழுந்து, வெறும் ஈறைக் காட்டி, சொந்த வீட்டு நாய்களைப் பார்த்து உறுமியது.

"கொண்டுபோடா! இழுத்துட்டுப் போடா அதுங்களை!" மாமா கத்திய கத்தலில் கடை ஆள் சங்கிலியை விட்டுவிடப் பார்த்தான். நல்லவேளை விடவில்லை.

மாமா மண்டிபோட்டு நாய்க்கு அடியில் கையை விட்டார். முயல் அவர் கையிலேயே மூத்திரம் போனது. அவள் வாங்கிப் பார்த்தாள். மூக்கில் சிராய்ப்பு, காலில் நகம் ஒன்று பெயர்ந்திருந்தது. மருந்து வைத்தாள். இதயம் அவள் விரலுக்கடியில் தறிகெட்டு அடித்தது. இதற்குக் காரணம் தான்தானே என்று நினைத்துக்கொண்டே அது அடங்கும்வரை கையில் பொத்தி வைத்திருந்தாள்.

"புது நாய்ங்க. அதான். பழகிட்டா சரியாயிடும்," என்றார் மாமா.

"அந்தச் சத்தத்தை இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா மாமா?"

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கூட்டத்துல இதைச் சொல்லப்போறியா?" என்றார்.

"சொல்லத்தான் போறேன்."

"குடும்ப விஷயத்தையா?"

"படம் புடிச்சு வெளிய கொண்டுவந்தது நீங்கதான்."

கூட்டம் வரைக்கும் வீட்டில் பேச்சு அளந்துதான் நடந்தது. அங்கே திரை கட்டிப் படம் போடும் பொறுப்பு அவள் புருஷனுக்கு. மாமா பக்கமா, தன் பக்கமா என்று நூல்விட்டுப் பார்த்தாள். அவர் நழுவினார்.

நகராட்சிக் கூடம் நிரம்பியிருந்தது. சங்கத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடியது. முயல் துள்ளத் துள்ளக் கைதட்டல். அவளுக்கு முகம் இறுகியது. முடியப்போகிற நேரத்தில் படம் உறைந்து நின்றது. பொக்கை வாயைப் பிளந்து கொட்டாவி விட்ட இடம். திரை முழுக்க ஈறு.

"மெஷின் சிக்கிக்கிச்சு, ஒரு நிமிஷம்," என்றார் புருஷன். தட்டினார், திருகினார். சரியாகவில்லை.

அவள் எழுந்தாள். "அந்தப் பல்லையெல்லாம் பிடுங்கினது நான்தான்," என்று ஆரம்பித்தாள். கூடம் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் முற்றத்தில் பார்த்ததைச் சொன்னாள். முயல் விளையாடியதையும் மறைக்கவில்லை, வலையில் மோதியதையும் மறைக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தலைவர் பதில் சொல்லட்டும் என்று கத்தினார்கள்.

மாமா மெதுவாக எழுந்தார். முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மருமக சொல்றது சரிதான். அந்த நாய்க்குப் பல்லு இல்ல. பல்லு இருக்கிற நாயை என் முயல்கிட்ட நான் எப்படி விடுவேன்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வாய் தவறி வந்ததா, தெரிந்தே சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுப்பார்த்தாள். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். மெஷின் எப்படி அந்த இடத்தில் சரியாகச் சிக்கியது என்று புருஷனையும் குடைந்தாள். பழைய மெஷின் என்றார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்திலும் அது சிக்கவில்லை.

தடை வந்தது. சங்கம் உடனே கலையவில்லை. பக்கத்து ஊர்க் காட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். மாமா முழங்கால் வலி என்று போகவில்லை. இளநாய்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். குளிர் வந்தபோது பொக்கை தூக்கத்திலேயே செத்துப்போனது. முயல் இரை எடுக்காமல் கிடக்கிறது என்று மாமா பதறிக்கொண்டு கூப்பிட்டார். அவள் போய்ப் பார்த்து, தனியாக வெளியே விடாதீர்கள், கொஞ்ச நாள் உங்கள் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு நாள் சலவைக் கடைக்காரம்மா தன் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். பூனையை மேசைமேல் விட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. உங்க மரக்கடை மாமா இருக்காருல்ல, வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே விடுறதில்லையாம். கதவைச் சாத்திட்டு வாசல்லயே வெச்சுப் பேசி அனுப்பிடறாராம். உள்ள யாரோ நடமாடுற சத்தம் கேக்குதாம். ராசா, செல்லம்னு கொஞ்சுறாராம். சங்கத்து ஆளுங்கதான் சொன்னாங்க. இந்த வயசுல யாரைக் கொண்டாந்து வெச்சிருக்காரோ."

டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் ஒரு சந்தேகம்," என்றாள்.