ஈரப் புடவை

தர்மபுரியில் பெண்கள் உதவி மையம் ஒன்றில் எனக்கு ஆலோசகர் வேலை. புருஷனிடம் அடி வாங்கியவர்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் கட்டிவைக்கப்பட்ட பிள்ளைகள், சொந்தக்காரன் கையில் சீரழிந்தவர்கள், எல்லோரும் என் எதிரே உட்கார்ந்துதான் முதலில் வாய் திறப்பார்கள். நன்றாகக் கேட்பேன். அதில் எனக்குக் கர்வமே உண்டு.

அந்தக் கர்வம் ஒரு சாயங்காலம் உடைந்தது. அதியமான்கோட்டையில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன். மகள் கவிப்பிரியா முழங்கையில் சிராய்ப்போடு அழுதுகொண்டே ஓடி வந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறாள். நான் அவளைத் தூக்கவில்லை. "யாரு பண்ணது? எத்தனை நாளா நடக்குது? பயப்படாம சொல்லும்மா" என்றேன், ஆபீஸ் குரலில். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

மறுநாளே அதிகாரி மதியழகனிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை, கோப்பை விட்டு நிமிராதவர், அவ்வளவுதான்.

"முடியலன்னா வேலைய விட்டுருங்கம்மா. வேற ஆள் போட்டுக்கலாம்."

"வேலைய விட மாட்டனுங்க சார். எழவு வூட்டுக்குப் போனா தலைக்கு ஊத்திக்காம வூட்டுக்குள்ள போறமா? நான் தெனமும் துக்கம் கேட்டுட்டுத்தான் போறேன். பின்னால இருக்கற பாத்ரூம தொறந்து வுடுங்க. குளிச்சிட்டுப் போறேன்."

"அதுல பழைய பீரோவெல்லாம் கெடக்குது. ஆபீஸ்ல குளிக்கறதுக்கெல்லாம் ரூல் இல்லம்மா."

பதிலுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார். சேலத்திலிருந்து வந்தவர் எங்களை வட்டமாக நிறுத்தி, கைகொட்டிச் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம். சிரித்து முடித்து வெளியே வந்தால், கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு ஒரு பெண் காத்திருந்தாள்.

அவளை அனுப்பிவிட்டு, பீரோக்களை நானே நடைக்கு இழுத்துப் போட்டேன். வாளி வாங்கி வந்து பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டே அழுதேன். வேறு புடவை கட்டி, ஈரப் புடவையை முன்பக்க ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன், பெயர்ப்பலகைக்குக் கீழேயே.

மதியழகன் பதறினார். "மேலருந்து யாராச்சும் வந்தா என்னம்மா நெனப்பாங்க?"

"இங்க வேலை நடக்குதுன்னு நெனப்பாங்க சார்."

மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுநாளும் குளித்தேன். வீட்டில் கவிப்பிரியா துண்டோடு வந்து என் தலையைத் துவட்டப் பழகிக்கொண்டாள். துவட்டிக்கொண்டே பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். அதைக் கேட்க எனக்கு மறுபடியும் காது இருந்தது.

ஆடியில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து, பென்னாகரம் பக்கமிருந்து ஆறாவது படிக்கிற பெண்பிள்ளை ஒன்றைக் கூட்டி வந்திருக்கிறார்கள். வேறு ஆள் இல்லை. பெண் போலீஸ் கேட்கக் கேட்க, மதியழகனே கூட உட்கார்ந்து கடைசிவரை எழுதியிருக்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் கோப்பு இல்லை.

"நேத்து எம்பொண்ணு தலை பின்னிவுடச் சொன்னா. கை வரலம்மா" என்றார். பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்து, "தண்ணி வருதுங்களா?" என்று கேட்டார்.

வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"வருதுங்க சார். ஆனா சட்டைய முன்பக்க ஜன்னல்லதான் காயப்போடணும்."