எல்லாப் படமும் சரி

அக்கா மகளின் படிப்புத் திட்டத்தைப் பேசும் கூட்டத்துக்குப் பெற்றோர் தங்களுக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கணவர், பஸ் ஓட்டும் மாமாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் கேஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள். ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். "உனக்குத்தான் வாய் இருக்கே, வா" என்றாள் அக்கா.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வாயே திறக்காதவளுக்கு மைனா என்று பேர் வைத்தது என் குசும்பு. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஓர் உதவியாளர் உண்டு. பென்சிலைப் பிடிக்க வைப்பதும், இரைச்சல் தாங்காமல் மைனா காதைப் பொத்தினால் வெளியே கூட்டிப் போவதும் அந்தப் பெண்ணின் வேலை. அவர் வராத ஒருநாள் மைனா கேட்டைத் தாண்டி நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். லாரிக்காரர் எப்படித்தான் பிரேக் போட்டாரோ, அவர் நன்றாயிருக்க வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், சிறப்புக் கல்வி அதிகாரி. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அதிகாரி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நல்ல செய்திம்மா. போன மாசம் வச்ச சோதனைல குழந்தை பிரமாதமா பண்ணியிருக்கா. எல்லாப் படத்தையும் சரியா காட்டிட்டா. அதனால அடுத்த பருவத்துலேருந்து தனி உதவியாளர் தேவையில்லன்னு திட்டத்துல போட்டிருக்கோம்."

பிரமாதம் என்றபோது அக்காவின் முகம் மலர்ந்தது. அவர் முடிப்பதற்குள் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. மேசைக்கடியில் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

எனக்கு விஷயம் தெரியும். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்குப் பரீட்சை ஜுரம் வந்துவிட்டது. இது பாஸ், ஃபெயில் பரீட்சை இல்லை, குழந்தைக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பது என்று யார் சொல்லியும் அக்கா காதில் ஏறவில்லை. ஃபெயிலானால் பள்ளியை விட்டே துரத்திவிடுவார்கள் என்று நடுங்கினாள். ட்யூஷன் நடத்தும் ஒரு அம்மாளிடம் அதே சோதனைப் படங்களின் ஜெராக்ஸ் இருந்தது. போதாதா? அக்கா அதை வாங்கி, தினமும் பள்ளி விட்டு வந்ததும் மைனாவை உட்கார வைத்து, குடை எங்கே, சாவி எங்கே என்று உருப்போட வைத்தாள். மைனாவுக்குக் குடையும் தெரியாது, சாவியும் தெரியாது. எந்தக் கேள்விக்கு எந்த மூலையில் விரல் வைத்தால் அம்மா முத்தம் கொடுப்பாள் என்பது மட்டும் தெரியும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"நாங்க இதுக்கு ஒத்துக்கலேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். புகார்ப் பிரிவில் இப்படிக் கேட்கிறவர்களிடம்தான் எங்களுக்குப் பயம்.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் மறைக்கவில்லை. "ஒத்துக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மறுசோதனை கேக்கலாம். அது முடியறவரைக்கும் உதவியாளர் இருப்பாங்க. ஆனா இவ்ளோ நல்லா பண்ணின குழந்தைக்கு எதுக்கு மறுசோதனை?"

அக்கா சொல்லிவிட்டாள். ட்யூஷன் அம்மாள், ஜெராக்ஸ், மூலை, முத்தம், எல்லாவற்றையும்.

"உதவிய நிறுத்தறோம்னா எல்லாப் பெத்தவங்களும் ஏதாவது சொல்றாங்கம்மா" என்றார் அதிகாரி.

"அப்ப அவள இங்க கூட்டிட்டு வாங்க. நீங்களே கேளுங்க" என்றாள் அக்கா.

நான் அவள் காதில் கிசுகிசுத்தேன். "வேண்டாம்க்கா. ஒத்துக்கலன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்துரு. உரிமை இருக்குன்னு அவரே சொல்றாரே."

"மறுசோதனைலயும் இப்படியே காட்டிட்டான்னா எங்கடி போய் முட்டிக்கறது?"

உதவியாளரின் விரலைப் பிடித்துக்கொண்டு மைனா வந்தாள். அதிகாரி படப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். "குடை எங்கே?" மைனா சட்டென்று மேலே வலது மூலையைத் தொட்டாள். குடைதான். அதிகாரி எங்களை ஒரு பார்வை பார்த்தார். அக்கா கையை நீட்டிப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். "இப்ப கேளுங்க சார்."

"குடை எங்கே?"

மைனா யோசிக்கவே இல்லை. அதே மேல் வலது மூலை. அங்கே இப்போது தலைகீழாக ஒரு செருப்பு இருந்தது. பெருமையோடு அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா அவளை இழுத்து மடியில் உட்கார்த்தி முத்தம் கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்து ஜெயித்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெயித்தோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்தார். குரல் தணிந்திருந்தது. "படங்கள அடையாளம் காட்டத் தெரியல, உதவியாளர் தொடரணும்னு எழுதறேன். வேற ஏதாவது சேக்கணுமாம்மா? சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

இத்தனை வருஷம் சொந்தக்காரர்களிடம்கூட அக்கா வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் அந்த அறையில் கொட்டியது. "வண்டி வந்தா ஒதுங்கத் தெரியாது சார். அடிபட்டா எங்க வலிக்குதுன்னு காட்டத் தெரியாது. பசிச்சாக் கேக்கத் தெரியாது."

"மெதுவா சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

மடியிலிருந்த மைனா அம்மாவின் தாலாட்டைக் கேட்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை அம்மான்னு ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல" என்றாள் அக்கா. "அதையும் போட்டுக்குங்க சார்."