எடுக்காத புத்தகம்

"நூலகப் புத்தகம் ஒண்ணு நிலுவையில இருக்கு. அதைக் குடுத்தாத்தான் டி.சி.," என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே.

பக்கத்தில் நின்ற என் அக்கா மகள் சுண்டு என்னைப் பார்த்து விழித்தாள். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். இந்த நடுநிலைப் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கை அன்று நான்கு மணியோடு முடிகிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பேருந்து நடத்துநரான சித்தி நான், காலை ஷிப்டை முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தேன். மணி இரண்டரை.

"நான் எந்தப் புத்தகமும் எடுக்கலை சார்," என்றாள் சுண்டு.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. டிக்கெட் வாங்காமல் பிடிபட்டவனிடம்கூட நான் இந்தக் குரலில் பேசியதில்லை.

"எல்லாரையும் விடுங்க. இவ எடுத்தான்னு எதுல இருக்கு? அதைக் காட்டுங்க."

நூலகப் பொறுப்பு விளையாட்டு ஆசிரியருடையது. ஆளனுப்பிக் கூப்பிட்டதும் கழுத்தில் விசிலோடு வந்து, ஒரு தடித்த பதிவேட்டைப் பொத்தென்று மேசையில் போட்டார். பக்கத்தின் கடைசி வரியில் சுண்டுவின் பெயர். எதிரே, எரிமலைகளைப் பற்றி ஒரு புத்தகம். திருப்பித் தந்ததற்கான கட்டம் காலி.

நான் அந்த வரியோடு நிற்கவில்லை. நாள் முழுக்கச் சீட்டும் எண்ணும் பார்க்கிற கண். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேரும் வருகைப் பதிவேட்டு வரிசையில், ஒரே தேதியில், ஆளுக்கொரு புத்தகம் எடுத்திருந்தார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எழுத்தரின் தலைக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினேன்.

"சார், இது ஞாயித்துக்கிழமை."

விளையாட்டு ஆசிரியர் கனைத்துக்கொண்டார். "தேதி கொஞ்சம் முன்னப் பின்ன விழுந்திருக்கும்மா. வருஷக் கடைசி, ஆய்வுக்குக் கேக்குறாங்க, எத்தனை வேலைதான் பாக்குறது? ஆனா பதிவுன்னா பதிவுதான்."

சுண்டு மெல்லச் சொன்னாள். "அந்தப் புத்தகம் உள்ளதான் இருக்கு சார். ரெண்டாவது அலமாரி, மூணாவது தட்டு, இடது பக்கத்துல இருந்து அஞ்சாவது."

"எடுக்கவே இல்லைன்னா எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" அவர் முகத்தில் கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

"கண்ணாடி வழியாத் தெரியும் சார். மூணு வருஷமா நூலக வகுப்புல அதைப் பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தோம். நீங்க பூட்டைத் திறந்ததே இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஒரு பிள்ளை மூன்று வருடம் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து புத்தகங்களின் முதுகை மனப்பாடம் செய்திருக்கிறது. அதையே அவள்மேல் குற்றமாகத் திருப்புகிறார் இந்த மனுஷர்!

"திறங்க சார்," என்றேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாவி கிடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நூலகத்தில் காற்றிறங்கிய பந்துகள், ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை, கால் உடைந்த பெஞ்சு. அலமாரியின் துருப்பிடித்த பூட்டு எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. ரெண்டாவது அலமாரி, மூணாவது தட்டு, அஞ்சாவது. சுண்டு எடுத்துப் புரட்டினாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரிக்கப் பிரிக்கப் புது மை வாசனை வந்தது. நடுப்பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு எரிமலைப் படம். அதற்குக் கீழே இருந்ததை அவள் வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினாள்.

விளையாட்டு ஆசிரியர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினார். "அதான் கிடைச்சிடுச்சே! திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு. முடிஞ்சுது."

"எடுக்காததை எப்படி சார் திருப்பிக் குடுத்தேன்னு..."

"கையெழுத்து இல்லாம சான்றிதழ் வராது," என்றார் எழுத்தர். சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது, முத்திரையோடு. மணி மூன்று பத்து.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ்வளவு நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவள், "போட்டுத் தொலை சுண்டு, நேரமாச்சு," என்றேன்.

அவளுக்கென்று கையெழுத்து ஒன்று அதுவரை கிடையாது. முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினாள். எழுத்தர் சான்றிதழை நீட்டினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள். "சித்தி, நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் போடச் சொன்ன?"

சான்றிதழுக்காக, நாலு மணிக்காக, உன் நல்லதுக்காக என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த முப்பத்தெட்டு வரியை எழுதியவரும் பள்ளியின் நல்லதுக்கென்றுதான் சொல்லுவார். முதன்முதலாக அவள் போட்ட கையெழுத்தே பொய்க்கு. போட வைத்தது நான். வெட்கமாக இருந்தது.

"வா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

பதிவேடு மேசையில் திறந்தபடியே கிடந்தது. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். சுண்டு யாரையும் கேட்கவில்லை. தன் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில், 'எங்களுக்கு ஒரு புத்தகமும் தரவில்லை' என்று எழுதினாள்.

"ஏய், கிறுக்காதே!" எழுத்தர் பதறி எழுந்தார். "நாளைக்கு ஆய்வுக்குப் போற பதிவேடு அது! யாரைக் கேட்டு எழுதுற?"

"என்னைக் கேட்டுத்தான் சார்," என்றேன். பேனாவை வாங்கி, அவள் வரிக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன், நடத்துநர் எண்ணோடு.